கரியோட கார்ல கம்ப்யூட்டர் இல்லை

கிணத்துக்கடவுல இருந்து பொள்ளாச்சி ரோட்டுல கோயமுத்தூர் நோக்கி வந்தீங்கன்னா, வலது கைப்பக்கம் கொஞ்சம் உள்ளே செட்டிபாளையம். அங்கேதான் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்குது. எஸ். கரிவரதன் பேர்ல வந்த ரேஸ் டிராக். 1980கள்ல மாருதி 800 இன்ஜினை வெச்சே ஒத்தை சீட் ரேஸ் காரை உருவாக்கினவர் அவர். ‘ஃபார்முலா மாருதி’ன்னு அதுக்குப் பேர். நம்ம நரேன் கார்த்திகேயன் ஓட்டிப் பழகினதும் அதுலதான்.

796 சிசி, மூணு சிலிண்டர், கார்புரேட்டர். அப்போ ஸ்பார்க் எப்போ வரணும்னு யார் முடிவு பண்ணுனாங்க? டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருந்த ரெண்டு குட்டி எடைக்கல்லும் ஸ்பிரிங்கும்தாங்க!

பெட்ரோல் பத்தினதும் வெடிச்சிடாது, எரிய நேரம் எடுக்கும். அதனால பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு முன்னாடியே பொறி விழணும். வேகம் கூடக் கூட இன்னும் முன்னாடி. 6,000 சுற்றுல அந்தக் குட்டி இன்ஜினுக்கு நொடிக்கு 150 பொறி. சுத்துற வேகத்துல எடைக்கல் வெளியே விரியும், டைமிங் முன்னால நகரும். அபாரமான யோசனை! ஆனா ஸ்பிரிங் தளர்ந்தா கணக்கும் தளரும். இன்ஜின் சூடு எவ்வளவுன்னு அதுக்குத் தெரியாது. ரொம்ப முன்னாடி பத்தினா ‘டக டக’ன்னு நாக்கிங், பிஸ்டனே ஓட்டையாகலாம். மெக்கானிக் அண்ணன் காது வெச்சுக் கேட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைத் துளி திருப்பி வைப்பாரு.

1977லயே அமெரிக்காவுல ஓல்ட்ஸ்மொபில் டொரனாடோ கார்ல மைக்ரோபிராசசர் இந்த வேலையை எடுத்துக்கிச்சு. கிராங்க் எங்கே நிக்குது, எவ்வளவு லோடு, எவ்வளவு சூடுன்னு பார்த்து, நினைவுல இருக்கற அட்டவணையில இருந்து டைமிங்கை எடுத்துக்கும். பின்னால நாக் சென்சாரும் வந்துச்சு. பிளாக்ல ஒட்டிக்கிட்டு அதிர்வைக் கேக்கும், நாக்கிங்னா உடனே டைமிங்கைப் பின்னால தள்ளும். அண்ணனோட காது அங்கே போயிடுச்சு.

இங்கே அதைக் கொண்டு வந்தது ரேஸ் இல்லீங்க, டெல்லிப் புகை. 1999 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் போட்ட உத்தரவுல தலைநகர்ப் பகுதிக்கு யூரோ விதிகள் வந்துச்சு. பொறி தவறிக்கிட்டே இருந்தா எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள்ள போய் அதையே எரிச்சுடும். ஸ்பிரிங்கை நம்பி இருக்க முடியலை. 2000 வாக்குல மாருதி 800லயும் எம்.பி.எஃப்.ஐ. வந்துடுச்சு.

காத்துக்கு நல்லதுதான், மறுக்கலை. ஆனா ஒரு ஸ்க்ரூ டிரைவரும் டைமிங் லைட்டும் போதும்னு இருந்த பட்டறைக்காரங்க, ஸ்கேனர் வாங்கக் கடன் தேட வேண்டியதாச்சு.

கரி இதைப் பார்க்கலை. 1995ல விமான விபத்துல போயிட்டாரு. பத்து வருஷம் கழிச்சு நரேன் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்ல ஓட்டினப்போ முதுகுக்குப் பின்னால பத்து சிலிண்டர். 18,000 சுற்றுன்னு வெச்சுக்கிட்டா நொடிக்கு 1,500 பொறி. ஒவ்வொண்ணையும் கம்ப்யூட்டர்தான் போட்டுச்சு.