சேப்பாக்கம் அரண்மனையும் சுண்ணாம்பின் சாட்சியமும்

பழைய கட்டிடமொன்றைப் புதுப்பிக்கப் புகுவோர், அதனை எந்தக் காலத்து நிலைக்குத் திருப்புவது என்னும் வினாவுக்கு முதலில் விடை கூறியாக வேண்டும். சென்னைக் கடற்கரையை அடுத்துள்ள சேப்பாக்கம் அரண்மனையைப்போல் அவ்வினாவைச் சிக்கலாக்கும் அரசாங்கக் கட்டிடம் நம் நாட்டில் அரிது.

ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா, கோட்டையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியாரின் அண்மையை நாடி 1768ஆம் ஆண்டில் இதனை எழுப்பினார். கட்டிடத்தை வகுத்தவர் பால் பென்ஃபீல்டு என்பது வழிவழியாக வரும் கூற்று. நவாபுக்குக் கடன் கொடுத்துப் பெருஞ்செல்வம் சேர்த்தவரும், 1785இல் எட்மண்ட் பர்க் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் நிகழ்த்திய ஆர்க்காட்டுக் கடன் பற்றிய பிரசங்கத்தில் கடுங்கண்டனத்துக்கு உள்ளானவரும் அவரே. 1855இல் நவாப் குலாம் கௌஸ் கான் சந்ததியின்றி மறைந்தபின், நவாப் பட்டத்தைக் கம்பெனியார் அங்கீகரிக்க மறுத்தனர். அரண்மனை ஏலத்துக்கு வந்து அரசாங்கத்தின் வசமாயிற்று. பின்னர் ராபர்ட் சிஷோம் என்னும் கட்டிடக் கலைஞர், அதன் இரு பகுதிகளான கலச மகாலுக்கும் உமாயூன் மகாலுக்கும் இடையில் ஒரு கோபுரத்தை எழுப்பி, அரண்மனையை அரசாங்க அலுவலகங்களுக்கு ஏற்றதாக மாற்றினார்.

நவாபின் மாளிகையே மூலம், சிஷோமின் கோபுரம் பிற்சேர்க்கை என்று வாதிப்போர் உண்டு. அவ்வாதத்தை அதன் எல்லைவரை கொண்டு சென்றால் கோபுரத்தை இடித்தாக வேண்டும்; அவ்வாறு செய்யத் துணிவார் எவருமில்லை. இவ்விரு காலங்களையும் இணைக்கும் பந்தமொன்று சுவரின் உள்ளேயே இருக்கிறது என்பது என் துணிபு. நவாபின் கொத்தர்களும் சிஷோமின் கொத்தர்களும் ஒரே செங்கல்லையும் ஒரே சுண்ணாம்பையும் கையாண்டவர்கள். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்துக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்த சாந்தும், பளிங்கென மின்னும்படி மெருகிட்ட பூச்சும், தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளமும் இந்நகரத்துக் கட்டிடக் கலையின் பொதுச் சொத்து. ஆட்சி மாறிற்று, சாந்து மாறவில்லை. உண்மையான முறிவு இருபதாம் நூற்றாண்டில் சிமெண்டோடு வந்தது.

சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து, ஆண்டுக்கணக்கில் மெல்ல இறுகுவது. சுவருக்குள் ஏறும் ஈரத்தைத் தன் நுண்துளைகளின் வழியே வெளியே விடுவது. கடலுப்பைச் சுமந்த காற்று வீசும் சேப்பாக்கத்தில் இக்குணம் உயிர்நிலை போன்றது. அதன்மீது சிமெண்டைப் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே சிறைப்பட்டுச் செங்கல்லையே அரித்துவிடும். வெளியே புதுமெருகும் உள்ளே நோயுமாகச் சுவர் நிற்கும். இந்தக் கேட்டைப் பழுது பார்த்தல் என்று அழைப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

2012 ஜனவரியில் கலச மகாலில் மூண்ட தீ, தீயணைப்பு வீரர் ஒருவரின் உயிரைப் பலிகொண்டு, கூரையையும் தளங்களையும் வீழ்த்திற்று. எரிந்த மாளிகையை இடித்துவிட்டு அலுவலகமொன்றைக் கட்டுவது எளிதாயிருந்திருக்கும். பொதுப்பணித்துறையோ அதனைச் சுண்ணாம்புச் சாந்து கொண்டே புனருத்தாரணம் செய்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இன்று அங்கு நடைபெறுகிறது. நெடுங்காலம் சிதைந்து கிடந்த உமாயூன் மகாலும் அதே வழியில் மீட்கப்பட்டது. மறைந்தொழியும் நிலையிலிருந்த ஒரு கைத்தொழிலுக்கு அரசாங்கமே மீண்டும் வேலை கொடுத்தது என்பதே, பலரால் கவனிக்கப்படாத இதன் தலையாய பயன்.

ஆகவே எக்காலத்து நிலைக்குத் திருப்புவது என்னும் வினாவினும், எம்முறையால் பேணுவது என்னும் வினாவே பொருத்தமுடையது. அம்முறையை ஏற்றோமாயின், நவாபின் வளைவும் சிஷோமின் கோபுரமும் ஒருங்கே நிலைக்கும். பெரும்பணி முடிந்தபின் ஆண்டுதோறும் நடைபெறும் சில்லறைப் பழுதுகளில், விரிசல் கண்ட இடத்தில் அவசரமாக ஒரு கரண்டி சிமெண்டு இடும் வழக்கம் மீண்டும் நுழைந்துவிடுதல் கூடும். ஆதலின் இத்தகைய கட்டிடங்களின் பராமரிப்பு ஒப்பந்தத்தில் சிமெண்டை விலக்கும் விதியும், சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தரை நிரந்தரமாக அமர்த்தும் விதியும் இடம்பெற வேண்டும்.