கேம் மாஸ்டர் எங்கிருந்து வந்தார்? ஒரு 200 வருஷக் கதை

இந்த எபிசோட் கேம் மாஸ்டர்களுக்காக. ஏற்கெனவே கேம் நடத்துறவங்களுக்கும், "நடத்தணும்னு ஆசை, ஆனா பயமா இருக்கு"ன்னு சொல்றவங்களுக்கும்.

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடுறேன். நாலஞ்சு பேர் ஒரு மேசையைச் சுத்தி உட்காருவாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு கதாபாத்திரம். ஒருத்தருக்கு மட்டும் தனிக் கதாபாத்திரம் கிடையாது. மத்தது எல்லாமே அவர்தான்: ஊர், காடு, கடைக்காரர், வில்லன், மழை. "நான் கதவை உடைக்கிறேன்"னு ஒருத்தர் சொன்னா, உடைஞ்சதா இல்லையான்னு சொல்றது அவர் வேலை. அவர்தான் கேம் மாஸ்டர்.

இந்த நாற்காலியில உட்காரத் தயங்குறவங்ககிட்ட காரணம் கேட்டா, பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எனக்கு ரூல்ஸ் முழுசாத் தெரியாதே." நியாயமான பயம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புத்தகங்களை வரிசையா அடுக்கி வெச்சா யாருக்கும் மலைப்பு வரும். ஆனா இந்த வேலையோட வரலாற்றைப் பார்த்தா, எல்லாருக்கும் எல்லா ரூலும் தெரிஞ்சிருக்க முடியாதுங்கிற பிரச்சனைக்குத் தீர்வாத்தான் இப்படி ஒரு ஆளையே கண்டுபிடிச்சிருக்காங்க. அந்தக் கதையைப் பார்ப்போம். போற வழியில நம்ம மேசைக்கு எடுத்துக்க வேண்டியதையும் எடுத்துக்குவோம்.

பிரஷ்யா, 1824

கதை டிராகன்ல ஆரம்பிக்கல, ராணுவத்துல ஆரம்பிக்குது. அன்றைய பிரஷ்யா, இன்றைய ஜெர்மனியின் ஒரு பெரும் பகுதியும் போலந்தின் சில பகுதிகளும் சேர்ந்த ராஜ்ஜியம். 1812-ல் ரைஸ்விட்ஸ் என்பவர் அரசருக்கு ஒரு விளையாட்டு மேசையைச் செய்து கொடுத்தார். ஆறு, மலை, சாலைன்னு நிலத்துண்டுகளை மாத்தி மாத்தி அடுக்கி, வேணுங்கிற போர்க்களத்தை உருவாக்கலாம். அதுக்கு முன்னாடி இருந்த போர் விளையாட்டுகள் பலவும் சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் போட்டவை.

அவருடைய மகன் பீரங்கிப் படையில் அதிகாரி. 1824-ல் அப்பாவின் யோசனையை அவர் அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனார். மேசைக்குப் பதிலா 1:8000 அளவில் வரைந்த நில வரைபடம். படைப்பிரிவுகளுக்குச் சிவப்பு, நீலக் கட்டைகள். ஒரு சுற்று என்பது களத்தில் 2 நிமிஷம். யாருக்கு எவ்வளவு சேதம்னு தீர்மானிக்க டைஸும் அட்டவணையும். இந்த விளையாட்டுக்கு கிரீக்ஸ்ஷ்பீல்னு பேர். ஜெர்மன்ல 'போர் விளையாட்டு'ன்னு அர்த்தம்.

இதுல நமக்கு முக்கியமான ஆள் நடுவர். இரண்டு அணியும் நேரா காய் நகர்த்த மாட்டாங்க. என்ன செய்யணும்னு நடுவருக்கு உத்தரவு கொடுப்பாங்க. அவர்தான் கட்டைகளை நகர்த்துவார், கணக்குப் போடுவார், என்ன நடந்ததுன்னு சொல்லுவார். மலைக்குப் பின்னாடி எதிரி மறைஞ்சிருந்தா, அந்தக் கட்டை வரைபடத்துல இருக்காது. உங்க வீரர்கள் கண்ணுக்குப் பட்டால்தான் வைப்பார்.

ராணுவத் தலைமைப் பணியகத்தின் தலைவராக இருந்த ஜெனரல் முஃப்லிங்குக்கு இதைக் காட்டினாங்க. முதல்ல அவர் பெரிசா ஆர்வம் காட்டலையாம். ஆட்டம் போகப் போக நிமிர்ந்து உட்கார்ந்து, இது விளையாட்டே கிடையாது, போர்ப் பயிற்சின்னு சொன்னதா ஒரு பிரபலமான கதை உண்டு. அதுக்கப்புறம் ராணுவத்துக்கே பரிந்துரை பண்ணினார்.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. விளையாடுற அதிகாரிக்கு ரூல்ஸ் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. "குதிரைப்படை அந்தப் பாலத்தைப் பிடிக்கட்டும்"னு சாதாரணப் பேச்சுல சொன்னா போதும். அதை எண்ணா மாத்துறது நடுவர் பாடு.

நம்ம மேசைக்கும் இது அப்படியே பொருந்தும். புதுசா ஆட வர்றவங்க கையில முதல் நாளே புத்தகத்தைத் திணிக்காதீங்க. அவங்க கதாபாத்திரத்தின் கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு சொல்லுங்க. அப்புறம் "நீங்க என்ன பண்றீங்க?"ன்னு கேளுங்க. எந்த டைஸ் உருட்டணும்ங்கிற பேச்சு அதுக்கு அடுத்துதான்.

ரூல்ஸா, அனுபவமா?

இந்த ஏற்பாட்டுல ஒரு சிக்கல் இருந்தது. நடுவர் அட்டவணையைப் புரட்டிட்டே இருந்தா ஆட்டம் நகராது. களத்துல 2 நிமிஷத்துல நடக்குறதைக் கணக்குப் போட, மேசையில அதைவிட அதிக நேரம் ஆகும். 1873-ல் மெக்கல் என்ற அதிகாரி, இவ்வளவு இறுக்கமான விதிகள் நடுவரின் கையைக் கட்டிப்போடுதுன்னு விமர்சனம் எழுதினார். 1876-ல் வெர்டி டு வெர்னுவா இன்னும் ஒரு படி மேலே போனார். இவர் பிரான்ஸுடன் நடந்த 1870-71 போரில் மோல்ட்கேயின் தலைமையகத்தில் வேலை பார்த்தவர். அவர் சொன்னது: அட்டவணையும் வேண்டாம், டைஸும் வேண்டாம். அனுபவமுள்ள நடுவர் நிலைமையைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னா போதும்.

ஆட்டம் வேகமாச்சு. ஆனா அதுக்கும் ஒரு விலை இருந்தது. டைஸ் கவுத்துட்டா டைஸைத் திட்டலாம். நடுவர் வாயிலிருந்தே தோல்வி வந்தா யாரைத் திட்டுறது? அந்த மனுஷன் மேல நம்பிக்கை இருக்குற வரைக்கும்தான் ஆட்டம் நிக்கும்.

இன்னைக்கும் எல்லா மேசையிலும் இந்தச் சண்டை நடக்குது. ஆட்டம் சூடா இருக்கும்போது ஒரு ரூல் ஞாபகம் வரல. என்ன பண்றது? ரெண்டு கட்சிகிட்டயும் கொஞ்சம் கொஞ்சம் கடன் வாங்கிக்கலாம். ஒரு நிமிஷத்துக்குள்ள கிடைக்கலன்னா தேடுறதை நிறுத்துங்க. "இன்னைக்கு இப்படி வெச்சுக்குவோம், ஆட்டம் முடிஞ்சதும் பார்த்துடுறேன்"னு வெளிப்படையா சொல்லிட்டுத் தீர்ப்புக் கொடுங்க. அது வெர்டி வழி. ஆனா முடிவு எப்படி வேணா போகலாம், யாராவது ஒருத்தருக்கு அது வலிக்கும்ங்கிற இடத்துல டைஸை எடுங்க. "12-க்கு மேல விழுந்தா தாண்டிடுவீங்க, இல்லன்னா பள்ளத்துல விழுவீங்க"ன்னு உருட்டுறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. அது ரைஸ்விட்ஸ் வழி. உருட்டின பிறகு கணக்கை மாத்தினா, அடுத்த தடவை உங்க டைஸையும் நம்ப மாட்டாங்க, உங்களையும் நம்ப மாட்டாங்க.

பிரவுன்ஸ்டைன், 1969

இந்த ராணுவ நடுவர் அமெரிக்க வீடுகளுக்குள்ள எப்படி வந்தார்? 1880 வாக்கில் டாட்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி 'ஸ்ட்ராட்டகோஸ்' என்று ஒரு போர் விளையாட்டு நூல் எழுதினார். கிட்டத்தட்ட 90 வருஷம் கழிச்சு அது மின்னசோட்டா மாநிலத்துல டேவிட் வெஸ்லி என்ற இளைஞரின் கையில் கிடைத்தது. பொம்மை வீரர்களை வைத்துப் பழைய போர்களை ஆடும் நண்பர் கூட்டத்தில் அவர் ஒருத்தர். முழு அதிகாரம் உள்ள நடுவர், ஆடுறவங்க எதை வேணா முயற்சி பண்ணிப் பார்க்கலாம்ங்கிற யோசனை, ரெண்டையும் அவர் அந்த நூலிலிருந்து எடுத்துக்கிட்டார்.

1969-ல் வெஸ்லி ஒரு ஆட்டம் நடத்தினார். பிரவுன்ஸ்டைன்னு ஒரு கற்பனை ஜெர்மன் ஊர், நெப்போலியன் காலம். வழக்கமா ரெண்டு தளபதிகள்தான் ஆட்டம் ஆடுவாங்க. வெஸ்லி என்ன பண்ணார்னா, வந்த ஒவ்வொருத்தருக்கும் ஊருக்குள்ள ஒரு பாத்திரம் கொடுத்தார். ஊர் மேயர், பல்கலைக்கழகத் தலைவர், இப்படி. ஒவ்வொருத்தருக்கும் ஒரு தனி நோக்கம்.

ஆனா போர் தொடங்கவே இல்லை. எல்லாரும் மூலைக்கு மூலை போய் ரகசியம் பேசி, பேரம் பேச ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு பேர் வந்து, நாங்க ஒருத்தருக்கொருத்தர் டூயல் சவால் விட்டுட்டோம், துப்பாக்கிச் சண்டைக்கு முடிவு சொல்லுன்னு நின்னாங்க. அதுக்கு வெஸ்லிகிட்ட ரூலே கிடையாது. அந்த இடத்துலயே ஒரு டைஸ் விதியை உருவாக்கி முடிச்சு வெச்சார். அன்னைக்கு ராத்திரி, ஆட்டம் சொதப்பிடுச்சுன்னுதான் அவர் நினைச்சார். ஆடினவங்களோ, அடுத்தது எப்பன்னு கேட்டாங்க.

அந்தக் கூட்டத்துல டேவ் ஆர்னசன்னு ஒருத்தர் இருந்தார். பின்னாடி வெஸ்லி நடத்திய, ஒரு லத்தீன் அமெரிக்கக் குட்டி நாட்டில் நடக்குற ஆட்டத்துக்கு அவர் ஒரு போலி சிஐஏ அடையாள அட்டையோட வந்தார். அதை நீட்டியே மத்தவங்களை நம்ப வெச்சார். எந்த ரூல் புக்லயும் அப்படி ஒரு நகர்வு இல்லை. நடுவர் அதைத் தடுக்கவும் இல்லை.

வெஸ்லி தயார் பண்ணிட்டு வந்தது ஒரு ஊரையும், ஆளாளுக்கு ஒரு ஆசையையும். கதையை நடத்தினது ஆட வந்தவங்க. அதனால அடுத்த ஆட்டத்துக்கு நீங்க தயாராகும்போது பத்துப் பக்கத்துக்குக் கதை எழுதாதீங்க. ஒரே ஒரு பக்கம் எடுங்க. முக்கியமான மூணு நாலு பேரின் பெயர், அவங்களுக்கு என்ன வேணும், யார் குறுக்கே நிக்கிறாங்க, யாருமே தலையிடலன்னா நாளைக்கு என்ன நடக்கும். இது கையில இருந்தா, ஆடுறவங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்களால பதில் சொல்ல முடியும்.

பாதாளமும் ஒரு பெட்டியும்

ஆர்னசன் 1971-ல் தன் சொந்த உலகத்தைத் தொடங்கினார். பேர் பிளாக்மூர். அங்கே ஒரு கோட்டை, அதுக்கு அடியில் பாதாள அறைகள். நடத்துறவருக்கு இது பெரிய வசதி. திறந்த ஊர்ல ஆடுறவங்க எங்கே வேணா போவாங்க. பாதாளத்துல இடது பக்கக் கதவு, இல்ல வலது பக்கக் கதவு. முதல் தடவை கேம் நடத்துறவங்களை ஒரு குகையிலயோ பாழடைஞ்ச கோட்டையிலயோ ஆரம்பிங்கன்னு இன்னைக்கும் சொல்றது இதனாலதான்.

1972 கடைசியில ஆர்னசன் விஸ்கான்சினில் உள்ள லேக் ஜெனீவாவுக்குப் போய் கேரி கைகாக்ஸுக்கு இதை ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் அதை ரூல்ஸாக எழுதி விரிவாக்கினார். 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தது. ஒரு பெட்டி, மூணு சின்னப் புத்தகங்கள், முதல் அச்சு 1000 பிரதி. கைகளாலேயே அடுக்கி ஒட்டினாங்க. 'டன்ஜன் மாஸ்டர்'ங்கிற பேர் அதுல இல்லை. அங்கே அவர் இன்னும் 'ரெஃப்ரி'தான். பிரஷ்ய நடுவரின் அதே பதவி.

வாங்கினவங்களுக்குப் பல இடம் புரியல. அதனால ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொரு மாதிரி ஆடினாங்க. 1975-ல் லாஸ் ஏஞ்சலஸில் லீ கோல்ட் ஒரு ரசிகர் பத்திரிகை தொடங்கினார். தங்கள் மேசையில என்ன நடந்தது, ரூல் இல்லாத இடத்துல என்ன பண்ணோம்னு ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கிட்டாங்க. ஆக, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதல் தலைமுறை கேம் மாஸ்டர்களுக்கும் ரூல்ஸ் முழுசாத் தெரியாது.

நடுவரே எதிரணி ஆனபோது

கதையில இதுதான் எனக்கு முக்கியமான இடம். பிரஷ்ய நடுவருக்கு எந்தப் பக்கமும் கிடையாது. சிவப்பு ஜெயிச்சாலும் நீலம் ஜெயிச்சாலும் அவருக்கு ஒண்ணுதான். ஆனா டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல நடுவர்தான் அரக்கர்களையும் ஆடுறார். எதிரணியும் அவரே, தீர்ப்புச் சொல்றவரும் அவரே.

இது எங்கே கொண்டுபோய் விடும்னு 1975-லேயே தெரிஞ்சது. அந்த வருஷம் ஆரிஜின்ஸ் மாநாட்டுப் போட்டிக்காக கைகாக்ஸ் 'டூம்ப் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற கல்லறையைத் தயார் பண்ணினார். சுவரில் ஒரு பச்சை நிறப் பூதத்தின் முகம், திறந்த வாய், உள்ளே கும்மிருட்டு. அதுக்குள்ள நுழைஞ்ச கதாபாத்திரம் அவ்வளவுதான், காலி. தப்பிக்க டைஸும் கிடையாது. பல குழுக்களில் யார் நல்லா சமாளிக்கிறாங்கன்னு ஒப்பிடுற போட்டிக்கு இது சரி. 1978-ல் இது தனிப் புத்தகமா வந்தது. மாசக்கணக்கா ஒரே கதாபாத்திரத்தை வளர்த்து, அதுக்கு ஒரு குடும்பம், ஒரு பகைன்னு வெச்சிருக்குறவர்கிட்ட இதே வேலையைக் காட்டினா, அவர் இழக்குறது ஒரு காயை மட்டும் இல்லையே. ஆட்டத்தை விட்டுப் போறவங்க பல பேர் இப்படித்தான் போறாங்க.

இந்தக் கேள்விக்குப் பின்னாடி வந்தவங்க பதில் தேடினாங்க. 2010-ல் வந்த 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்', கேம் மாஸ்டர் எப்படி நடந்துக்கணும்ங்கிறதையும் ரூலாவே எழுதி வெச்சது. கதை எங்கே போகும்னு முன்கூட்டி முடிவு பண்ணாதேங்கிறதும் அதுல அடக்கம். 2010களில் ஜான் ஸ்டாவ்ரோபுலஸ் எக்ஸ்-கார்டை அறிமுகப்படுத்தினார். மேசை நடுவுல எக்ஸ் போட்ட ஒரு அட்டை. ஒரு காட்சி யாருக்காவது தாங்க முடியலன்னா அதைத் தொட்டாப் போதும், காரணம் கேட்காம அந்தக் காட்சியை விட்டுட்டு நகர்ந்துடுவாங்க.

நம்ம மேசைக்கு மூணு விஷயம் எடுத்துக்கலாம். ஒண்ணு, ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்க. கதாபாத்திரம் சாகலாமா, எந்த விஷயம் கதைக்குள்ள வரவே கூடாது, எவ்வளவு பயம் வேணும். 'செஷன் ஸீரோ'ன்னு சொல்றது இதைத்தான். ரெண்டு, ஆபத்தை வெக்கிறதுக்கு முன்னாடி அதோட வாசனையைக் காட்டுங்க. பூதத்தின் வாய் பக்கத்துல பாதி காணாமப்போன ஒரு ஈட்டி கிடந்தா, அதுக்குப் பிறகும் தலையை விடுறது அவங்க முடிவு. மூணு, உயிர் போற இடத்துல டைஸை எல்லார் கண்ணு முன்னாடியும் உருட்டுங்க. உங்க அரக்கன் ஜெயிக்கணும்னு நீங்க ஏங்கலன்னு அவங்களுக்குத் தெரியணும்.

எத்தனை ரூல் தெரிஞ்சிருக்கணும்ங்கிற கேள்விக்கு இப்ப வருவோம். ரைஸ்விட்ஸின் நடுவருக்கு எல்லாம் தெரியணும். வெர்டியின் நடுவருக்கு ரூலே தேவைப்படல. டூயல் கேட்டு ரெண்டு பேர் வந்து நின்னப்ப வெஸ்லிகிட்ட ஒண்ணுமே இல்ல. ஆனா மூணு பேருமே ஒரே வேலையைத்தான் செஞ்சாங்க: எதிர்ல இருக்குறவர் என்ன செய்ய நினைக்கிறார்னு முழுசாக் கேட்டுட்டு, யார் பக்கமும் சாயாம முடிவு சொன்னாங்க. அது உங்களால முடியும்னா, தைரியமா அந்த நாற்காலியில உட்காருங்க. மிச்ச ரூல்ஸை ஆடிக்கிட்டே கத்துக்கலாம்.

முதல் தடவை நடத்துறவங்க, அன்னைக்கு ரூல் இல்லாத எந்த இடத்துல மாட்டினீங்க, என்ன தீர்ப்புச் சொன்னீங்கன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.