கல்யாண வீட்டில் ஒரு கச்சேரி

ராக் ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த பேண்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டார்கள். எந்தக் கச்சேரியில் எந்தப் பாட்டை எத்தனை நிமிஷம் இழுத்தார்கள், ஒரிஜினலைவிட யாருடைய கவர் வெர்ஷன் பிரமாதம் என்று விடிய விடிய ஓடும். பக்கத்தில் இருப்பவர் பாடு திண்டாட்டம். ஆனால் இந்தப் பைத்தியத்துக்காகவே ஒரு கூட்டம் போலீஸிடம் அடி வாங்கி, வேலை இழந்து, ஜெயிலுக்கும் போயிருக்கிறது. ஊர் பிராக். நாடு அன்றைய செக்கோஸ்லோவாக்கியா.

1968 ஆகஸ்ட் மாதம் ரஷ்ய டாங்கிகள் பிராகுக்குள் நுழைந்தன. கொஞ்சம் சுதந்தரக் காற்றை உள்ளே விட்டுப் பார்க்கலாம் என்று நினைத்த அரசாங்கத்துக்கு மாஸ்கோ கொடுத்த மரியாதை அது. அடுத்த மாதமே மிலான் ஹ்லாவ்சா என்கிற பதினேழு வயதுப் பையன் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு பேண்ட் ஆரம்பித்தான். கசாப்புக்கடை வேலை கற்றுக்கொண்டிருந்தவன். டாங்கியை எதிர்த்தா ஆரம்பித்தான்? அதெல்லாம் இல்லை. பாட்டு பிடிக்கும், அவ்வளவுதான். அமெரிக்காவின் ஃபிராங்க் ஸப்பாவுடைய பாடல் ஒன்றிலிருந்து பெயரை எடுத்து, 'தி பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யூனிவர்ஸ்' என்று வைத்துக்கொண்டார்கள்.

ஆரம்பத்தில் முக்கால்வாசி அடுத்தவர் பாட்டுதான். குறிப்பாக, நியூயார்க்கின் வெல்வெட் அண்டர்கிரவுண்ட். அந்த பேண்ட் அமெரிக்காவிலேயே சரியாக விலைபோகாத சரக்கு. அதைத் தேடிப்பிடித்து, தேயத் தேயக் கேட்டு வாசித்தவர்கள் இந்த பிராக் பையன்கள். ஆங்கிலம்? அதற்கும் ஆள் கிடைத்தார். பால் வில்சன் என்ற கனடாக்காரர் பிராகில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாட்டு வரிகளைப் புரியவைக்க வந்தவர், கொஞ்ச நாளில் பேண்டின் பாடகராகவே ஆகிவிட்டார்.

எல்லாவற்றுக்கும் சூத்திரதாரி இவான் யிரோவ்ஸ். கலை வரலாறு படித்தவர். நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் 'மாகோர்'. நம் ஊர் பாஷையில் 'லூஸு'. ஆனால் மனுஷர் விவரமானவர்.

கம்யூனிச நாட்டில் மேடையேறி வாசிக்க லைசென்ஸ் வேண்டும். புதிய அரசாங்கம் எல்லா பேண்டுகளையும் திரும்பப் பரிசோதித்தது. முடியை வெட்டு, ஆங்கிலப் பெயரை மாற்று, சமர்த்தாகப் பாடு. முடியாது என்றார்கள் இவர்கள். 1970-ல் லைசென்ஸ் போனது. அரசாங்கம் கொடுத்திருந்த வாத்தியங்களும் போயின. சும்மா உட்காரவில்லை. மெக்கானிக் வேலை தெரிந்த ஒருவர் பழைய டிரான்ஸிஸ்டர் ரேடியோக்களைப் பிரித்து ஆம்ப்ளிஃபயர் செய்தார். சரி, வாசிக்க இடம்? யிரோவ்ஸ் கலை விமர்சகர் அல்லவா, சொற்பொழிவு என்று சொன்னால் ஹால் கிடைக்கும். ஓவியர் ஆண்டி வார்ஹால் பற்றிப் பேசுவதாகப் பதிவு செய்தார். வார்ஹால்தான் ஒரு காலத்தில் வெல்வெட் அண்டர்கிரவுண்டின் மேனேஜர். யிரோவ்ஸ் நாலு ஸ்லைடு காட்டுவார். அப்புறம் 'உதாரணத்துக்குச் சில பாடல்கள்' என்பார். உதாரணம் இரண்டு மணி நேரம் ஓடும்!

1972-ல் வில்சன் விலகினார். அதன்பிறகு செக் மொழியிலேயே சொந்தப் பாட்டுகள். என்னைக் கேட்டால், அந்த பேண்ட் உண்மையில் பிறந்தது அப்போதுதான். இன்னொருவர் குரலில் நாலு வருஷம் பாடிப் பழகியவர்களுக்குத் தங்கள் குரல் கிடைத்துவிட்டது. வ்ராதிஸ்லாவ் பிராபெனெட்ஸின் சாக்ஸஃபோனும் சேர்ந்துகொண்டது. கரடுமுரடான, காதைக் கிழிக்கிற இசை. எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன்.

ரசிகர்களுக்கோ அதுதான் உயிர். போஸ்டர் கிடையாது, டிக்கெட் கிடையாது. வாய்வழித் தகவல்தான். ரயிலேறி ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கி, வயல் வரப்பெல்லாம் நடந்து போனால் ஒரு வீட்டிலோ களஞ்சியத்திலோ கச்சேரி. 1974 மார்ச் மாதம் செஸ்கே புதேயோவிட்ஸே அருகே ருடோல்ஃபோவ் என்ற ஊரில் அப்படி ஒன்று ஏற்பாடானது. நூற்றுக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். போலீஸும் வந்தது. ரயில்வே ஸ்டேஷன் சுரங்கப்பாதையில் தடியடி. அடித்தவர்களே ரயிலேற்றியும் விட்டார்கள். பல மாணவர்களுக்குப் படிப்பு போயிற்று. இத்தனைக்கும் பிளாஸ்டிக் பீப்பிள் அன்று மேடையேறவே இல்லை!

பிறகு கண்டுபிடித்த வழிதான் கல்யாணம். கல்யாணத்தில் பாட்டு கூடாது என்று எந்தச் சட்டம் சொல்லும்? 1976 பிப்ரவரியில் போயனோவிட்ஸே கிராமத்தில் யிரோவ்ஸுக்கே கல்யாணம். கல்யாணம் பெயருக்கு, நடந்தது முழு இசைவிழா. மார்ச்சில் போலீஸ் பாய்ந்தது. இசைக்கலைஞர்கள், நண்பர்கள் என்று வரிசையாகக் கைது. நூற்றுக்கும் அதிகமானவர்களிடம் விசாரணை.

அரசாங்கம் போட்ட கணக்கு எளிமையானது. தலைமுடி வளர்த்த நாலு பேர், பாட்டில் கெட்ட வார்த்தை வேறு. யார் இவர்களுக்காகப் பரிந்து பேசப்போகிறார்கள்?

ஒருவர் பேசினார். நாடக ஆசிரியர் வாக்லவ் ஹாவெல். பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. கைதுகளுக்குக் கொஞ்சம் முன்புதான் யிரோவ்ஸைச் சந்தித்திருந்தார். கரகரக்கும் ஒரு பழைய டேப் ரெக்கார்டரில் யிரோவ்ஸ் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார். அதில் இருந்த உண்மை ஹாவெலை உலுக்கியது. அடுத்த கச்சேரிக்கு வருவதாகச் சொன்னார். அதற்குள் இவரை உள்ளே தள்ளிவிட்டார்கள். ஹாவெல் தெரிந்தவர்களிடமெல்லாம் ஓடினார். தத்துவப் பேராசிரியர் யான் பட்டோச்கா, கவிஞர் யாரோஸ்லாவ் செய்ஃபர்ட் போன்ற பெரியவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ராக் என்றால் என்னவென்றே தெரியாத பெரியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். ஆனால் அரசியலே பேசாதவனைப் பாட்டுக்காகப் பிடிக்கலாம் என்றால், நாளைக்கு யாரை வேண்டுமானாலும் பிடிக்கலாம். அது அவர்களுக்குப் புரிந்தது.

செப்டம்பரில் வழக்கு. குற்றச்சாட்டு, பொது அமைதிக்குப் பங்கம். யிரோவ்ஸுக்குப் பதினெட்டு மாதம். 'டிஜி 307' பேண்டின் பாவெல் ஸாயிச்செக்குக்குப் பன்னிரண்டு. (அந்த எண், மனநோய்ப் பட்டியலில் ஒரு நோயின் எண். பெயர் வைப்பதில் இவர்களை அடித்துக்கொள்ள முடியாது.) பிராபெனெட்ஸுக்கும், பாடிக்கொண்டிருந்த பாதிரியார் காராசெக்குக்கும் எட்டெட்டு மாதம். கோர்ட்டிலிருந்து திரும்பும் வழியில் தெரிந்த சினிமா டைரக்டர் ஒருவர் ஹாவெலிடம், அது ஏதோ போதை மருந்து கேஸ்தானே என்று விசாரித்தாராம். ஹாவெல் விளக்கினார். அவர் தலையாட்டிவிட்டு, அப்புறம் வேறென்ன விசேஷம் என்று கேட்டாராம்.

கோர்ட் வாசலில் ஜடாமுடி ரசிகர்களும் கோட்டு போட்ட பேராசிரியர்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். அந்த நெருக்கத்தில் முளைத்ததுதான் 'சாசனம் 77'. கையெழுத்திட்ட சர்வதேச மனித உரிமை ஒப்பந்தங்களை மதியுங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்கும் பத்திரம். 1977 ஜனவரி 6-ம் தேதி அதைத் தபாலில் சேர்க்க காரில் போன ஹாவெலையும் நண்பர்களையும் போலீஸ் துரத்திப் பிடித்தது. மார்ச்சில், நீண்ட விசாரணைகளுக்குப் பிறகு பட்டோச்கா இறந்தார். வயது 69. அதே வருஷம் பால் வில்சன் நாடு கடத்தப்பட்டார். யிரோவ்ஸ் தன் வாழ்நாளில் எட்டு வருஷத்துக்கு மேல் சிறையில் கழித்தார். பிராபெனெட்ஸை 1982-ல் கனடாவுக்குத் துரத்தினார்கள். 1988-ல் பேண்டே உடைந்துபோனது.

அடுத்த வருஷம் ஆட்சி உடைந்தது. 1989 டிசம்பர் 29 அன்று ஹாவெல் ஜனாதிபதி. அந்தப் புரட்சிக்கு 'வெல்வெட்' என்று பெயர் வந்ததே அந்த அமெரிக்க பேண்டால்தான் என்று சில ரசிகர்கள் அடித்துச் சொல்வார்கள். சொல்லட்டும். ரத்தமில்லாமல் மென்மையாக நடந்ததால் வந்த பெயர் என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது.

1990 ஜனவரியில் ஃபிராங்க் ஸப்பா பிராகில் வந்திறங்கினார். சில மாதத்தில் வெல்வெட் அண்டர்கிரவுண்டின் லூ ரீட் வந்தார், ஜனாதிபதியைப் பேட்டி காண. அன்று ராத்திரி ஒரு கிளப்பில், அவருடைய பாடல்களையே பழைய ரசிகர்கள் அவருக்கு வாசித்துக் காட்டினார்கள்.

1998 செப்டம்பரில் வெள்ளை மாளிகையில் ஹாவெலுக்கு கிளிண்டன் விருந்து கொடுத்தார். பாடியவர் லூ ரீட். அவர் பக்கத்தில் நின்று வாசித்தவர் மிலான் ஹ்லாவ்சா. முப்பது வருஷத்துக்கு முன்னால் கசாப்புக்கடை வேலைக்கு நடுவே லூ ரீடின் பாட்டை காப்பியடித்துக்கொண்டிருந்த அதே பையன்.