மின்கருவிகள் சூடாவதேன்? வடிசாலையார் ஒருவர் கண்ட கணக்கு

நெடுநேரம் பாடிய வானொலிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "பாவம், களைத்துவிட்டது" என்று கூறும் முதியோர் நம்மிடையே இருந்தனர். இன்று மடிக்கணினியையும் கைப்பேசியின் சார்ஜரையும் தொட்டுப் பார்க்கும் இளைஞரும் அவ்வாறே ஐயுறுகின்றனர். இயந்திரத்திற்குக் களைப்பென்பது இல்லை. பின் அச்சூடு எங்கிருந்து வந்தது? இவ்வினாவிற்கு அளந்து விடை கண்டவர் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். இங்கிலாந்தில் மாஞ்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில், பீர் வடிசாலை நடத்திய குடும்பத்தில் 1818ஆம் ஆண்டு பிறந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் என்பார்.

அக்காலத்து அறிஞருட் பலர் சூட்டை ஒரு பொருளென்றே கருதினர். கண்ணுக்குப் புலனாகாத 'கலோரிக்' என்னும் பாய்பொருள் எல்லாப் பண்டங்களிலும் உறைவதாகவும், அது இடம் பெயருமேயன்றிப் புதிதாய்த் தோன்றாதெனவும் சொல்லி வந்தனர். பீரங்கியைத் துளைக்கும்போது சூடு ஓயாது பிறப்பதை ரம்ஃபோர்டு பிரபு 1798இல் எடுத்துக் காட்டியும் அக்கொள்கை வீழ்ந்தபாடில்லை. பழகிய கொள்கை எங்கும் அப்படித்தான்!

ஜூல் வாதத்தில் இறங்கவில்லை. கண்ணாடிக் குழலின்மீது கம்பியைச் சுற்றி, அளந்த நீருள் அமிழ்த்தி, மின்னோட்டத்தைச் செலுத்தி, நீர் எவ்வளவு சூடேறிற்று என்று வெப்பமானி கொண்டு பார்த்தார். மின்னோட்டம் இருமடங்கானால் சூடு நான்கு மடங்காயிற்று. மும்மடங்கானால் ஒன்பது மடங்காயிற்று. கம்பியின் தடை மிகுந்த அளவிற்குச் சூடும் மிகுந்தது. இதனை 1840 டிசம்பரில் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியனுப்பினார். அச்சங்கம் சிறு சுருக்கம் ஒன்றை மட்டும் வெளியிட்டு அமைந்தது. முழுக் கட்டுரை மறு ஆண்டில் வேறொரு சஞ்சிகையில் வெளிவந்தது.

1843இல் அவர் ஒருபடி மேற்சென்றார். மின்கலமே இல்லாமல், காந்தத்தின் முனைகளுக்கிடையே கம்பிச்சுருளைச் சுழற்றி மின்னோட்டத்தை உண்டாக்கினார். அப்போதும் சூடு பிறந்தது. அது எங்கிருந்தும் வந்து குடிபுகுந்ததன்று. சுழற்றிய உழைப்பே சூடாக மாறிற்று என்பது தெற்றெனப் புலனாயிற்று. 1847இல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய அறிவியலாளர் மாநாட்டில் இவர் பேச எழுந்தபோது, சுருங்கச் சொல்லி முடிக்கும்படி தலைவர் பணித்தார். ஆயினும் அங்கிருந்த வில்லியம் தாம்சன் என்னும் இளைஞர் அதன் பெருமையை உணர்ந்தார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் புகழ் பெற்றவர் இவரே.

ஒரு பவுண்டு நீரை ஒரு ஃபாரன்ஹீட் பாகை சூடேற்ற வேண்டும் உழைப்பு, 772 பவுண்டு எடையை ஓரடி உயர்த்தும் உழைப்பிற்கு ஈடு என்று ஜூல் கணக்கிட்டார். முன்னர்ச் சுருக்கத்தோடு நிறுத்திக்கொண்ட அதே சங்கம் 1850இல் அவரை உறுப்பினராக ஏற்றது. பின்னர்த் திருத்தமாக அளந்து கண்ட 772.55 என்னும் எண் அவர் கல்லறையிற் பொறிக்கப்பட்டுள்ளது.

ஏன் சூடாகிறது என்பதற்கு உட்காரணம் ஜூலுக்குத் தெரியாது. எலக்ட்ரான் அறியப்பட்டதே 1897இல்தான். கம்பியுள் ஓடும் எலக்ட்ரான்கள் உலோகத்தின் அணுக்களோடு மோதுகின்றன; அணுக்களின் அதிர்வு மிகுகின்றது. அவ்வதிர்வையே நம் கை சூடென உணர்கின்றது.

பழைய வானொலியின் வால்வுகளில் இழையைச் சூடாக்கினாலன்றி எலக்ட்ரான் வெளிவராது. 1946இல் அமெரிக்காவில் வெளிப்பட்ட எனியாக் என்னும் கணிப்பொறி ஏறத்தாழ 18,000 வால்வுகளைக் கொண்டிருந்தது; அது விழுங்கிய மின்சாரம் சுமார் 150 கிலோவாட். மறு ஆண்டில் தோன்றிய டிரான்சிஸ்டர் அவ்விழையை ஒழித்தது, தடையை ஒழிக்கவில்லை. இன்றைய சில்லு ஒன்றில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் நொடிதோறும் எண்ணற்ற முறை திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையும் எழுவது அணுவளவு சூடே. ஒன்றுகூடினால் விசிறி வைத்து ஓட்டவேண்டியதாகிறது. மின்கலம் உப்பி, கை பொறாத சூடு எழுமாயின் அது பழுதின் அறிகுறி, இளஞ்சூடு அவ்வாறன்று.

தொலைக்காட்சியின் ஒளியும் ஒலியும்கூடச் சுவரிலும் திரையிலும் நம் உடலிலும் பட்டு இறுதியிற் சூடாகவே முடிகின்றன. 100 வாட் உண்ணும் பெட்டி, நொடிக்கு 100 ஜூல் சூட்டை அறைக்குள் விடுகின்றது. வடிசாலையார் பெயரே அளவையின் பெயராயிற்று. அச்சூட்டை வெளியேற்றக் குளிர்சாதனத்தை முடுக்குகிறோம். அதுவோ, அறையினின்று எடுத்த சூட்டோடு தான் உண்ட மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து வீதியிற் கொட்டுகின்றது.