பள்ளியிற் பல்சமயப் பாடம்

திண்டுக்கல் மாநகரில் அபிராமியம்மை திருக்கோயிலும், பேகம்பூர்ப் பள்ளிவாசலும், புனித வளனார் பேராலயமும் விளங்குகின்றன. இம்முத்திறத்தார்தம் மக்களும் ஒரு பள்ளியில் ஒரே பலகையில் இருந்து கற்கின்றனர். அவர் ஒருவர் சமயத்தை மற்றவர் அறியுமாறு உயர்நிலைப் பள்ளியில் விருப்பப் பாடமொன்று அமைத்தல் தகுமோ என்னும் வினாவினை, வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

பல்சமயங் கேட்டறிதல் தமிழர்க்குப் புதிதன்று. வஞ்சிமாநகரத்துச் சமயக்கணக்கர்தம் கொள்கைகளை மணிமேகலை அவரவர் வாயிலாகவே கேட்டமையை அக்காப்பியத்தின் 27ஆம் காதை விரிக்கும். அவருட் சைவவாதியும் ஒருவன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணந்தி சிவாசாரியர், சிவஞான சித்தியார் பரபக்கத்தில் உலகாயதம் முதற் பாஞ்சராத்திரம் ஈறாகப் பதினான்கு மதங்களை எடுத்தோதிப் பின்னரே மறுத்தருளினார். அடியேன் மடத்திற் பயின்ற காலத்து, எம் ஆசிரியர் உலகாயதன் கூற்றை உலகாயதனே போல நின்று விளக்குவார், மறுப்பு மறுநாளைக்கே. பிறன் சொல்லாததை அவன் சொன்னதாக வைத்து மறுத்தல் வாதமன்று, வம்பு என்பது அவர் துணிபு.

இனி, அண்மைக்கால வரலாறு காண்போம். 1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 28ஆம் உறுப்பு, முழுதும் அரசுப் பொருளால் நடைபெறும் கல்விக்கூடங்களிற் சமயபோதனையை விலக்கிற்று. 1964 முதல் 1966 வரை ஆய்ந்த கோத்தாரி கல்விக்குழு, ஒரு சமயத்தைப் போதித்தல் வேறு, சமயங்களைப் பற்றிக் கற்பித்தல் வேறு எனப் பகுத்து, பின்னதைப் பாடத்திட்டத்திற் சேர்க்கலாமென்றது. 2002இல் அருணா ராய் வழக்கில் உச்சநீதிமன்றமும் சமயங்களைப் பற்றிய கல்வி அவ்விலக்கினுள் அடங்காதெனத் தீர்ப்பளித்தது. ஆகவே சட்டத்தால் தடையில்லை. தடை கற்பிப்போர்தம் அறியாமையே.

இதற்கு அடியேனே சான்று. பல்லாண்டுகட்கு முன் வகுப்பொன்றில், இசுலாமியர் நபியை வணங்குவரெனக் கூறிவிட்டேன். மாணவனொருவன் எழுந்து, "ஐயா, நாங்கள் அவரை வணங்குவதில்லை, அவர் இறைவனுடைய தூதர்" என்றான். மடத்திற் கற்றதை மறந்தமைக்கு நாணி, அவன்பாற் கேட்டுத் திருத்திக்கொண்டேன். எச்சமயத்தைக் கற்பிப்பினும் அச்சமயத்தான் 'ஆம், இஃதே எங்கொள்கை' என உடன்படுமாறு கற்பித்தல் வேண்டும். நம் சிவலிங்க வழிபாட்டைப் பிறர் திரித்துரைப்பின் நாம் வருந்துவோமன்றே!

தன் சமயமே அறியாத சிறார்க்குப் பிறசமயம் ஓதுவது மயக்கந் தருமென்பார் சைவருள் உளர். அவர் அச்சம் பொருளுடைத்தே. ஆயின் அதற்கு மருந்து பள்ளியில் இல்லை. நம் சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இருபகுதியுடைத்து. அரசுப்பள்ளி ஒப்பிட்டுரைத்தலோடு அமையும். நம் மக்கட்குச் சுபக்கம் உரைத்தற்கு அதற்கு உரிமையில்லை. அக்கடன் பெற்றோரையும், திருக்கோயிலையும், திருமடங்களையுமே சாரும். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை கண்ட ஆறுமுக நாவலர் இதனை உணர்ந்தே உழைத்தார்.

ஆதலின் அன்பர்காள், அவ்விருப்பப் பாடம் வருமாயின் அஞ்சி விலக்கற்க. அதற்குமுன், வாரமொருநாளேனும் கோயில் மண்டபத்தில் நம் பிள்ளைகட்குத் திருமுறையும் சித்தாந்த அடிப்படையும் ஓதுவிக்க. தன்னை அறிந்த பிள்ளை அயலானை அறிதலால் தளர்வதில்லை.