குளத்தை மூடியாச்சா?

நியூஜெர்ஸியில இருக்கற நண்பன் ஒருத்தன் வருஷா வருஷம் செப்டம்பர் கடைசியில ஒரே புலம்பல்தான். "மச்சி, குளத்தை மூடணும்டா." முதல் தடவை கேட்டப்ப சிரிச்சுட்டேன். குளத்தை மூடறதுக்கு அது என்ன பொட்டிக்கடையா? நம்ம ஊர்ல தண்ணி வத்தி தானா மூடிக்கிட்ட குளங்களைத்தான் பார்த்திருக்கேன் :-)

அப்புறம்தான் தெரிஞ்சுது, அமெரிக்காவோட வட மாநிலங்கள்ல வீட்டுல நீச்சல் குளம் வச்சிருக்கறவங்களுக்கு இது வருடாந்திரச் சடங்குன்னு. எங்கேர்ந்து வந்துச்சு இதுன்னு நோண்ட ஆரம்பிச்சவன், கடைசியில ஒரு அணு உலையில போய் நின்னேன். கதை இதுதான்.

ஆரம்ப காலக் குளங்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. தண்ணி ரொப்பு, குளி, அழுக்கானா திறந்துவிடு. அவ்வளவுதான். 1910-ல் ப்ரவுன் பல்கலைக்கழகத்து நீச்சல் குளத்தில் ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கிருமிகளைக் கொல்ல முடியுமான்னு சோதிச்சாங்க. முடிஞ்சுது. குளோரினும் ஃபில்டரும் பரவினதும், ஒரே தண்ணியை மாசக்கணக்கா வச்சுக்கலாம்னு ஆச்சு. ஆனா அந்தத் தண்ணி சுத்திக்கிட்டே இருக்கணும். அதுக்கு மோட்டார் வேணும், ஃபில்டர் வேணும், மண்ணுக்கடியில பைப் வேணும். குளிர்காலம் கடிக்கிற இடம் இந்தப் பைப்தான்.

தண்ணி உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். குளத்துக்கு மேல ஐஸ் கட்டினா விரிய இடம் இருக்கு. பைப்புக்குள்ள, மோட்டாருக்குள்ள இடம் ஏது? வெடிச்சுடும்.

குளம் பெரும் பணக்காரங்க வீட்டோட நின்னிருந்தா இது பெரிய விஷயமே இல்ல. அதைப் பரவலாக்கினதுல ஒரு எதிர்பாராத ஆளுக்குப் பங்கு இருக்கு. கார்ல் ஏக்லி, செத்த மிருகங்களைப் பாடம் பண்றவர். பார்னம் சர்க்கஸோட புகழ்பெற்ற ஜம்போ யானையைப் பாடம் பண்ணினதுல இவர் கையும் உண்டு. சிகாகோ ஃபீல்ட் மியூசியத்தோட சுவர் உதிர்ந்துக்கிட்டு இருந்ததைப் பூசறதுக்காக, சிமென்ட் கலவையைக் காத்தழுத்தத்துல பீய்ச்சி அடிக்கற ஒரு துப்பாக்கியைக் கண்டுபிடிச்சார். 1911-ல் காப்புரிமையும் வாங்கினார். பின்னாடி இதே முறையில பலகை அடைக்காமலே, நினைச்ச வடிவத்துல குளம் கட்ட முடிஞ்சுது. இரண்டாம் உலகப் போருக்கப்புறம் புறநகர் வீடுகள் பெருகின வேகத்துல குளங்களும் பெருகிச்சு. 1950-ல் வீடுகள்ல மண்ணுக்குள்ள கட்டின குளங்கள் சுமார் 2,500. 1999-ல் 40 லட்சம்!

சரி, சடங்குக்கு வருவோம். மொத்தத் தண்ணியையும் இறைச்சுட்டா வேலை முடிஞ்சுதேன்னு நானும் கேட்டேன். கூடாதாம். நிலத்தடி நீர் மட்டம் மேல இருந்தா காலிக் குளம் படகு மாதிரி மண்ணைவிட்டு எழும்பிடும். அதனால தண்ணியைக் கொஞ்சம் மட்டும் இறக்கறாங்க. கம்ப்ரஸர் வச்சு பைப்புல இருக்கற தண்ணியை ஊதி வெளியேத்தி, வாயை ரப்பர் அடைப்பான் போட்டு மூடறாங்க. மிச்சம் மீதி இருக்கலாம்னு சந்தேகம் இருக்கற இடத்துல, உறையாம இருக்க ப்ரொபிலீன் கிளைக்கால் ஊத்தறாங்க. (காருக்கு ஊத்தற வழக்கமான சரக்கு எத்திலீன் கிளைக்கால். அது விஷம், இங்க ஆகாது.) மோட்டார், ஃபில்டர் அடியில இருக்கற திருகைக் கழட்டி ஒட்டத் தண்ணியை வடிக்கறாங்க. மேல தார்ப்பாய் மாதிரி ஒரு கவர். மே மாசம் வரைக்கும் தூக்கம்.

தெற்கே டெக்ஸாஸ் பக்கம் போனா கதையே வேற. அங்க பெரும்பாலும் யாரும் குளத்தை மூடறதில்ல. உறையற அளவுக்குக் குளிர் எப்பவாவது ஒரு ராத்திரிதானே! அதுக்கு ஒரு சென்சார். வெப்பம் சுமார் 3 டிகிரி செல்சியஸுக்கு வந்தா மோட்டார் தானா ஓடும். ஓடற தண்ணி சட்டுனு உறையாது. கம்ப்ரஸர் வேண்டாம், அடைப்பான் வேண்டாம். வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், கரண்ட்.

2021 பிப்ரவரி 15, ராத்திரி 1:20 மணி. டெக்ஸாஸ் மின்கட்டமைப்பை நிர்வகிக்கற எர்காட் மின்வெட்டுக்கு உத்தரவு போடுது. அதிர்வெண் 60 ஹெர்ட்ஸிலிருந்து சரிஞ்சு 59.4-க்குக் கீழ போயிடுச்சு. அங்கேயே 9 நிமிஷம் நின்னா மின்நிலையங்கள் வரிசையா கழண்டுக்கும். மொத்த இருட்டுக்கு 4 நிமிஷம் 37 விநாடிதான் பாக்கி இருந்துச்சு. அன்னிக்கு விடிகாலை சவுத் டெக்ஸாஸ் அணுமின் நிலையத்துல ஒரு உலை நின்னுபோச்சு. சுமார் 1,300 மெகாவாட். காரணம், அழுத்தத்தை அளக்கற ஒரு சின்னக் குழாய்ல தண்ணி உறைஞ்சது. ஆமாங்க, பைப்புக்குள்ள தண்ணி!

45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள்ல கரண்ட் போச்சு. மறுநாள் டாலஸ்ல மைனஸ் 19 டிகிரி. சென்சார், மோட்டார் எல்லாம் இருந்தும் கரண்ட் இல்லாம குளத்து மோட்டாரும் ஃபில்டரும் வெடிச்சுது. அடித்திருகைக் கழட்டித் தண்ணியை வடிச்சவங்க மட்டும் தப்பிச்சாங்க. வடக்கத்திக்காரங்க வருஷா வருஷம் பண்ற அதே வேலை. வீட்டுக் குழாயும் உடைஞ்சு தண்ணி நின்னப்ப, குளத்துத் தண்ணியை வாளியில மொண்டுதான் பல பேர் டாய்லெட்டுக்கு ஊத்தினாங்க.

உடைஞ்ச மோட்டாரை மாத்திக்கலாம். அந்தப் புயல்ல டெக்ஸாஸ் அரசு கணக்குப்படியே 246 பேர் செத்துப்போனாங்க. குளிர்ல விறைச்சுச் செத்தவங்கதான் அதுல அதிகம்.

இது யாரும் எதிர்பார்க்காததான்னு கேட்டா, இல்ல. 2011 பிப்ரவரியிலயும் இதே மாதிரி உறைஞ்சு மின்வெட்டு வந்துச்சு. அப்புறம் வந்த மத்திய அரசு விசாரணை அறிக்கை, மின்நிலையங்களையும் எரிவாயுக் கிணறுகளையும் குளிருக்குத் தயார் பண்ணுங்கன்னு சொல்லுச்சு. 1989-லேயே இதைச் சொல்லியும் கேக்கலையேன்னும் சொல்லுச்சு. கட்டாயம் இல்லாததால பல பேர் செய்யல. மின்நிலையங்கள் செஞ்சே ஆகணும்னு மாநிலச் சட்டம் வந்தது 2021 ஜூன்ல.

சாஃப்ட்வேர்ல குப்பை கொட்டறவனுக்கு இது பழகின கதை. ஆபத்து வந்தா காப்பாத்தும்னு ஒண்ணை வச்சிருப்போம். அது எதை நம்பி ஓடுதோ, அதே ஆபத்து முதல்ல அதைத்தான் சாய்க்கும். அதைச் சோதிச்சே பார்த்திருக்க மாட்டோம். ஏன்னா பத்து வருஷமா ஒண்ணும் ஆகலையே!

நியூஜெர்ஸிக்காரன் புலம்பட்டும். இனிமே செப்டம்பர் வந்தா நானே ஃபோன் போட்டுக் கேக்கப்போறேன், "மூடியாச்சாடா?"ன்னு.