மதர் ஜோன்ஸ்: இளமைக்காலம்

மேரி ஹாரிஸ் ஜோன்ஸ் (1837–1930), அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர்கள் ‘மதர்’ என்று அழைத்த தொழிற்சங்க அமைப்பாளர். அயர்லாந்தின் கார்க் நகரில் பிறந்தவர். தாம் 1830இல் பிறந்ததாகத் தன்வரலாற்றில் எழுதினார். மே முதல் நாளைப் பிறந்தநாளாகக் கொண்டாடினார். கார்க் தேவாலயப் பதிவேடோ அவருடைய ஞானஸ்நான நாள் 1837 ஆகஸ்ட் 1 என்கிறது. ஒருவரின் சொந்த வாக்கைப் பதிவேட்டைக் கொண்டு மறுக்கலாமா என்று கேட்கலாம். மறுக்கலாம். அக்கால ஐரிஷ் கத்தோலிக்கர் குழந்தை பிறந்த சில நாட்களிலேயே ஞானஸ்நானம் செய்வித்தனர். ஏழாண்டுத் தாமதத்தை நம்புவது கடினம். மே முதல் நாள் உலகத் தொழிலாளர் நாளானதோ 1886 சிகாகோப் போராட்டத்துக்குப் பிறகுதான்; ஆகவே அந்தப் பிறந்தநாளும் பின்னாளில் தேர்ந்துகொண்டதாகவே தோன்றுகிறது.

இந்த ஏழாண்டு வேறுபாடு அற்பமானதன்று. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகத் தொடங்கியபோது மேரி எட்டு வயதுச் சிறுமி, அதனால் வந்த பஞ்சத்தின் குழந்தை. குடும்பம் டொராண்டோவில் குடியேறியது, அங்கே படித்தார். பின்னர் அமெரிக்காவில் மிச்சிகனின் மன்றோ நகரக் கன்னியர் மடத்தில் ஆசிரியர், சிகாகோவில் தையற்காரர், மெம்பிஸில் மீண்டும் ஆசிரியர். 1861இல் இரும்பு வார்ப்புத் தொழிலாளியும் சங்க உறுப்பினருமான ஜார்ஜ் ஜோன்ஸை மணந்தார். 1867இல் மஞ்சள் காய்ச்சல் கணவரையும் நான்கு குழந்தைகளையும் கொண்டுபோயிற்று. சிகாகோ திரும்பி நடத்திய தையற்கடை 1871 பெருந்தீயில் எரிந்தது. துயரம் மட்டுமே எவரையும் போராளியாக்கிவிடாது என்பது சரியான ஆட்சேபமே. ஆனால் சங்கம் என்ன செய்யும் என்பதைக் கணவரின் வாழ்வில் அவர் முன்பே கண்டிருந்தார். ஆகவே பின்னாளைய போராளியின் வேர் மெம்பிஸ் இல்லத்தில் இருக்கிறது.